கல்லறையில் ஒரு குழந்தை

சங்க மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று செயலாளர் கேட்டபோது, "அயர்லாந்துக்குப் போய் வந்ததைப் பற்றி எழுதித் தருகிறேன்" என்று மிக எளிதாகச் சொல்லிவிட்டேன். எழுத உட்கார்ந்த பிறகுதான், அந்தப் பயணத்தில் எழுதத் தகுந்தது ஒரே ஒரு நாள்தான் என்பது தெரிந்தது. அந்த ஒரு நாளை எழுத வேண்டுமானால், உங்களிடம் நான் சொன்ன ஒரு பொய்யையும் சேர்த்தே எழுத வேண்டும் என்பதும் தெரிந்தது. மூன்று முறை எழுதிக் கிழித்தேன். இது நான்காவது. இதைக் கிழிப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

பொய்யைப் பின்னால் சொல்கிறேன். முதலில் ஊரைச் சொல்கிறேன்.

சென்ற கோடை விடுமுறையில், அயர்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள கால்வே நகரில் எட்டு வாரம் ஆய்வுக்கூடப் பயிற்சி பெறும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. மண்ணில் வாழும் நுண்ணுயிர்களின் மரபணுக்களைப் பிரித்தெடுக்கும் வேலை. ஆறு நாட்கள் குழாய்களோடும் குளிர்பெட்டிகளோடும் கழியும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓய்வு. சூன் மாதத்து இரண்டாம் ஞாயிறன்று உடன் பயின்றவர்கள் எல்லாரும் கடலோரத்துச் செங்குத்துப் பாறைகளைக் காணப் புறப்பட்டார்கள். நானும் அதே பேருந்தில்தான் ஏறினேன். ஆனால் பாலிவான் என்னும் சிற்றூரில் தனியே இறங்கிக்கொண்டேன். "இங்கே என்ன இருக்கிறது?" என்று நண்பர் ஒருவர் சன்னல் வழியாகக் கேட்டார். "ஒரு கல்லறை" என்றேன். அவர் சிரித்தார், பேருந்து போய்விட்டது.

அங்கிருந்து தெற்கே எட்டுக் கிலோமீட்டர் நடை. பர்ரன் என்பது அந்த நிலப்பகுதியின் பெயர். அயர்லாந்து மொழியில் அதற்குப் பாறை நிலம் என்று பொருள். பெயருக்கேற்ற நிலம்தான். கண்ணுக்கு எட்டிய வரையில் சாம்பல் நிறச் சுண்ணாம்புப் பாறை. ஏறத்தாழ 33 கோடி ஆண்டுகளுக்கு முன் வெப்பமான கடலுக்கு அடியில் படிந்த பாறை அது. பின்னால் வந்த பனியாறுகள் அதன் மேலிருந்த மண்ணைச் சுரண்டிக்கொண்டு போயின. மழைநீர் பாறையைக் கரைத்துக் கரைத்து நீண்ட பிளவுகளை உண்டாக்கியது. தொலைவிலிருந்து பார்த்தால் ஒரு புல்லும் முளைக்காத இடம் என்றே தோன்றும். அருகில் சென்று குனிந்து பார்த்தால், ஒவ்வொரு பிளவுக்குள்ளும் பச்சை, பச்சைக்குள் பூ. பனி நாட்டுக்கு உரிய பூச்செடிகளும், மத்தியதரைக் கடற்பக்கத்துக்கு உரிய செடிகளும் அங்கே ஒரே பிளவில் அருகருகே வளர்கின்றன. தாவர நூலார் அதைக் காண்பதற்கென்றே அங்கே வருகிறார்கள். நான் பூவைக் காணப் போகவில்லை.

மெல்லிய தூறலில் இரண்டு மணி நேரம் நடந்த பிறகு அந்தக் கல்லறை தெரிந்தது.

போல்நபுரோன் என்பது அதன் பெயர். இரண்டு நெடுங்கற்கள் வாயிற்கால்கள் போல நிற்கின்றன. பக்கங்களிலும் பின்னாலும் வேறு கற்கள். அவற்றின் மேல், பன்னிரண்டு அடி நீளமுள்ள ஒரு பலகைக் கல் சற்றே சாய்ந்து கிடக்கிறது. அவ்வளவுதான். சிற்பமில்லை, எழுத்தில்லை, கோபுரமில்லை. ஆறடி உயரத்தில் தாங்கிப் பிடிக்கப்பட்ட ஒரு கல். ஆனால் அந்தப் பாறைவெளியில் அதைத் தவிர நிமிர்ந்து நிற்பது வேறொன்றும் இல்லையாதலால், பார்த்தவன் கண் அதை விட்டு நீங்குவதில்லை. ஐயாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அது அப்படியே நிற்கிறது.

நம் நாட்டிலும் இத்தகையவை உண்டு, கற்திட்டை என்பார்கள். கிருட்டிணகிரிப் பக்கத்து மல்லசந்திரத்துக் குன்றில் பல நிற்கின்றன. ஆனால் அவை இரும்புக் காலத்தவை. இது அவற்றைவிட ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மூத்தது. இரண்டுக்கும் உறவில்லை. உறவில்லாத இடத்தில் உறவு கண்டுபிடிக்கும் வழக்கம் நம் சங்கக் கூட்டங்களில் சற்று அதிகம் என்பதை நீங்கள் அறிவீர்கள். அந்த வேலையை நான் செய்யப் போவதில்லை. எனக்கு அந்தக் கல்லோடு வேறோர் உறவு இருந்தது.

கல்லறையைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். பக்கத்தில் மழை உடுப்பு அணிந்த முதியவர் ஒருவர், வருவோர்க்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். "போல்நபுரோன் என்றால் துயரக் குழி என்று பலரும் எழுதிவிட்டார்கள், அது தவறு. திருகைக்கல் குழி என்பதுதான் சரி. துயரத்துக்கும் திருகைக்கும் எங்கள் மொழியில் சொல் ஏறக்குறைய ஒன்றுபோல் இருப்பதால் வந்த குழப்பம்" என்றார். துயரம் என்று எல்லாரும் படித்த இடத்தில் மாவரைக்கும் கல் இருந்தது! அந்தச் சொல்லை அன்று மாலை வரையில் மனத்தில் உருட்டிக்கொண்டே இருந்தேன்.

அந்தக் கல்லறையின் கதையைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். 1985-ஆம் ஆண்டில், வாயிற்கால்களில் ஒன்று வெடித்திருப்பது தெரிந்தது. அதைச் சரிசெய்யும் பொருட்டு 1986-இலும் 1988-இலும் ஆன் லிஞ்ச் என்னும் அம்மையார் அங்கே அகழாய்வு நடத்தினார். பாறைப் பிளவுகளுக்குள் எலும்புகள் கலந்து கிடந்தன. ஆண், பெண், குழந்தை என முப்பதுக்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள். கி.மு. 3800 முதல் கி.மு. 3200 வரை, ஏறத்தாழ அறுநூறு ஆண்டு காலத்தில் சேர்ந்தவை. அவர்களே அயர்லாந்தின் முதல் உழவர்கள். பெரும்பாலோர் முப்பது வயதைத் தாண்டவில்லை. எலும்பு மூட்டுகள் கடும் உழைப்பால் தேய்ந்திருந்தன. ஒருவருடைய இடுப்பெலும்பில் கல் அம்பின் முனை முறிந்து பதிந்திருந்தது.

அறுநூறு ஆண்டுகளில் முப்பது சொச்சம் பேர் என்றால், அந்தப் பக்கத்தில் வாழ்ந்து மடிந்த எல்லாருக்கும் அங்கே இடம் கிடைக்கவில்லை என்பது தெளிவு. சிலருக்கு மட்டுமே அந்தக் கல்லின் கீழ் இடம். அந்தச் சிலருள் ஒருவன், ஆறு மாத ஆண் குழந்தை.

2020-ஆம் ஆண்டில், டப்ளின் டிரினிட்டிக் கல்லூரியின் இலாரா காசிடியும் தானியல் பிராட்லியும் உடன் பணியாற்றியவர்களும் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அயர்லாந்துப் பெருங்கற் கல்லறைகளில் கிடைத்த எலும்புகளிலிருந்து மரபணுக்களைப் பிரித்துப் படித்த ஆய்வு. பழைய எலும்பில் மரபணு முழுதாக இராது, பொடிப்பொடியாக உடைந்திருக்கும். ஒவ்வொரு துணுக்கும் எந்தக் குரோமோசோமைச் சேர்ந்தது என்று பொருத்திப் பார்த்து எண்ணுவார்கள். நம் உடலில் ஒவ்வொரு குரோமோசோமும் இரண்டிரண்டாக இருப்பதால், துணுக்குகளும் அதற்கேற்ற கணக்கில் வரும். அந்தக் குழந்தையிடம் மட்டும், இருபத்தொன்றாம் குரோமோசோமின் துணுக்குகள் இருக்க வேண்டிய அளவைப்போல் ஒன்றரை மடங்கு இருந்தன. அதாவது, இரண்டுக்குப் பதில் மூன்று.

இருபத்தொன்றாம் குரோமோசோம் மூன்றாக இருப்பதை 1959-இல் பாரிசு நகரத்தில் செரோம் இலெசூனும் அவருடன் பணியாற்றியவர்களும் வெளியிட்டார்கள். டவுன் நோய்க்குறி என்று நூல்கள் அதைச் சொல்கின்றன. ஏறத்தாழ ஆயிரம் பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் உலகெங்கும் காணப்படுவது. போல்நபுரோன் குழந்தையே இதுவரை அறியப்பட்டவற்றுள் மிகப் பழமையானது.

இதையெல்லாம் அயர்லாந்துக்குப் போய்த்தான் நான் தெரிந்துகொண்டேன் என்று நினைக்காதீர்கள். சென்ற மார்ச்சு மாதம், வகுப்பில் ஒவ்வொருவரும் ஓர் ஆய்வுக் கட்டுரையை எடுத்து விளக்க வேண்டியிருந்தது. நான் எடுத்தது இதே கட்டுரையைத்தான். அதில் பெரிய செய்தி வேறொன்று. நியூகிரேஞ்சு என்னும் மாபெரும் கல்லறையில் கிடைத்த ஒரு மனிதனின் பெற்றோர், உடன்பிறந்தாராகவோ, பெற்றவரும் பிள்ளையுமாகவோ இருந்திருக்க வேண்டும் என்று மரபணு காட்டியது. அரச குலம் ஒன்று இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர் கருதினர். அதை நாற்பது நிமிடம் விளக்கினேன். கேட்டவர்கள் வியந்தார்கள், பேராசிரியர் பாராட்டினார். குழந்தையைப் பற்றிய பகுதி வந்தபோது, நேரம் போதவில்லை என்று பக்கத்தைப் புரட்டிவிட்டேன். ஒரு தோழி கைதூக்கி, "அந்தக் குழந்தை?" என்று கேட்டார். "அது ஒரு குரோமோசோம் குறைபாடு, முக்கியமில்லை" என்று சொன்னேன்.

முக்கியமில்லை!

நண்பர்களே, இனிப் பொய்யைச் சொல்கிறேன். சென்ற பொங்கல் விழாவில், புதிதாகச் சங்கத்தில் சேர்ந்தவர்கள் மேடையேறித் தம்மைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றார்கள். "கும்பகோணத்துக் குடும்பம், வளர்ந்தது பிலாயில், அப்பாவுக்கு எஃகு ஆலையில் வேலை, வீட்டுக்கு நான் ஒரே பிள்ளை" என்றேன். நீங்கள் கைதட்டினீர்கள். முதல் மூன்றும் உண்மை. நான்காவது பொய். எனக்கு ஒரு தம்பி இருக்கிறான். அவனுக்கு இப்போது பதினேழு வயது. அவனுடைய உயிரணுக்களிலும் இருபத்தொன்றாம் குரோமோசோம் மூன்று.

அவன் பிறந்தபோது எனக்கு ஆறு வயது. தம்பி வந்துவிட்டான் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு ஓடினேன். வீட்டுக்கு வந்தால் யாரும் சிரிக்கவில்லை. ஊரிலிருந்து வந்திருந்த உறவினர் ஒருவர், முன்வினை என்றார். பெயர் சொல்ல விரும்பாத ஒரு மருத்துவர், "இந்தப் பிள்ளைக்கென்று அதிகம் செலவு செய்துவிடாதீர்கள்" என்று அப்பாவிடம் சொன்னாராம். அப்பா அந்த ஊரில் அந்நியர். இந்தி அப்போது அவருக்குத் தட்டுத்தடுமாறித்தான் வரும். எதிர்த்துப் பேச மொழி போதாமல், தலையசைத்துவிட்டு வந்துவிட்டார். பிற்காலத்தில் அதைச் சொல்லும்போதெல்லாம் அவர் கை நடுங்கும்.

தம்பிக்குப் பால் குடிக்கத் தெரியவில்லை. இத்தகைய குழந்தைகளுக்குத் தசைகள் தளர்ந்திருக்கும்; வாயால் இழுத்துக் குடிக்க வலுவிராது. இதை நான் பின்னால் நூலில் படித்தேன். அம்மா நூல் படிக்கவில்லை. பாலைப் பீய்ச்சிச் சங்கில் எடுத்து, சொட்டுச் சொட்டாக வாயோரத்தில் விடுவார். பாதி வழிந்துவிடும். துடைத்துவிட்டு மறுபடி சொட்டு. ஒரு சங்குப் பால் உள்ளே போக முக்கால் மணி நேரமாகும். அது முடிவதற்குள் அடுத்த வேளை வந்துவிடும். இரவில் நான் விழித்துப் பார்க்கும்போதெல்லாம், அம்மா சுவரில் சாய்ந்து, மடியில் தம்பியோடு, கையில் சங்கோடு உட்கார்ந்திருப்பார். எனக்குப் பொறாமையாக இருக்கும். முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்துவிடுவேன். அப்படியே ஐந்தாறு மாதங்கள். ஒரு நாள் விடியற்காலையில் அம்மா அப்பாவை எழுப்பி, "குடிக்கிறான், தானாகக் குடிக்கிறான்!" என்று கத்தினார். அன்று வீட்டில் பாயசம்.

போல்நபுரோன் குழந்தையின் எலும்பு இன்னொன்றையும் சொல்லியது. எலும்பில் நைட்டிரசனின் இரண்டு வகைகள் உண்டு. ஒன்று சற்றுக் கனமானது. ஓர் உயிர் மற்றோர் உயிரை உண்ணும்போது, உண்பதன் உடலில் கனமான வகை சற்று மிகும். புல்லைவிட ஆட்டில் மிகுதி. ஆட்டைவிட அதை உண்பவனிடம் மிகுதி. தாய்ப்பால் குடிக்கும் குழந்தை தாயின் உடலையே உண்கிறதல்லவா? ஆகவே அதன் எலும்பில் தாயைவிட ஒரு படி அதிகமாகக் காணப்படும். அந்த ஆறு மாதக் குழந்தையின் எலும்பில் அந்த அடையாளம் இருந்தது. அவன் தாய்ப்பால் குடித்து வளர்ந்தவன்.

தூறலில் நின்றுகொண்டு நான் நினைத்தது இதைத்தான். சங்கும் இல்லாத காலம். சக்கரமும் உலோகமும் அறியாத மக்கள். பிறந்த குழந்தைகளுள் பாதி பிழைத்தாலே பெரிது என்றிருந்த காலம். உறிஞ்ச வலுவில்லாத வாய்க்குள் ஒருத்தி எப்படியோ பாலைச் சேர்த்திருக்கிறாள். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல. எலும்பில் எழுதப்படும் அளவுக்குச் சேர்த்திருக்கிறாள்.

நான் விஞ்ஞான மாணவன். எலும்பு சொல்லாததைச் சொல்லக் கூடாது. பால் கொடுத்தவள் பெற்றவளா, வேறொருத்தியா என்பதை எலும்பு சொல்லாது. ஆறு மாதக் குழந்தையின் முகத்தில் வேறுபாட்டை அவர்கள் கவனித்தார்களா, கவனித்து என்ன நினைத்தார்கள் என்பதையும் சொல்லாது. பெரிய இடத்துப் பிள்ளை என்பதற்காகவே அங்கே புதைத்திருக்கவும் கூடும். ஆனால் இரண்டு செய்திகள் உறுதி. பால் கொடுத்தார்கள். இறந்தபின், சிலருக்கே கிடைத்த அந்தக் கல்லின் கீழ், தங்களவர்களோடு அவனையும் வைத்தார்கள். அவனை மறைக்கவில்லை.

மறைத்தவன் நான். மரபணுவைப் பாடமாகப் படித்தவன். குரோமோசோமின் படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வரையத் தெரிந்தவன். தம்பிக்கு முதலில் இடமில்லை என்று சொன்ன பள்ளியின் மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு. ஆனால் நான் செய்தது என்ன? அவர்கள் தம் பள்ளியில் இடமில்லை என்றார்கள். நான் என் வாழ்க்கை வரலாற்றிலேயே இடமில்லை என்று சொல்லிவிட்டேன். அதுவும் மேடையில், ஒலிபெருக்கியில்.

மறைத்ததற்குக் காரணம் வெறுப்பு அன்று. இரக்கப் பார்வை வரும், கேள்விகள் வரும், "நீயும் சோதித்துக்கொண்டாயா?" என்று மரபணு படித்தவர்களே கேட்பார்கள். அந்தத் தொல்லை வேண்டாம் என்று நினைத்தேன். தொல்லையைத் தவிர்ப்பதாக நினைத்துத் தம்பியைத் தவிர்த்துவிட்டேன்.

பையிலிருந்த ரொட்டியைத் தின்றுவிட்டு, கைப்பேசியில் கல்லறையைப் படமெடுத்துக்கொண்டு திரும்பினேன். முதியவர், "இவ்வளவு நேரம் யாரும் நின்றதில்லை, என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டார். "என் தம்பியைப் போல் ஒரு குழந்தை இங்கே இருந்தது" என்றேன். வீட்டுக்கு வெளியே, என் வாயால், தம்பி என்ற சொல்லை எத்தனையோ ஆண்டுகளுக்குப் பின் அன்றுதான் சொன்னேன். அறிமுகமில்லாத ஓர் அயர்லாந்துக்காரரிடம் சொல்வது எவ்வளவு எளிதாக இருந்தது! அவர் ஒன்றும் கேட்கவில்லை. தொப்பியை எடுத்துத் தண்ணீரை உதறிவிட்டு, "அவர் நலமா?" என்றார். "நலம்" என்றேன்.

அன்றிரவு வீட்டுக்குப் பேசினேன். பிலாயில் நள்ளிரவாகியிருந்தது, ஆனால் தம்பி தூங்கவில்லை. அண்ணன் பேசுவான் என்று தெரிந்தால் அவன் தூங்கமாட்டான். திரையில் கல்லறைப் படத்தைக் காட்டி, "இது என்ன, சொல் பார்க்கலாம்" என்றேன். சற்று நேரம் உற்றுப் பார்த்தான். பிறகு, "மேசை, அண்ணா" என்றான்.

அம்மா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. இத்தகைய கல்லறைகளை நூல்களில் டோல்மென் என்று எழுதுகிறார்கள். பிரெட்டன் மொழியில் அந்தச் சொல்லுக்கு மேசைக்கல் என்றே பொருள். பேர் வைத்தவர்கள் கண்டதை அவனும் கண்டான். முக்கால் மணி நேரம் நின்று நான் கண்டது வேறு. இருவரும் கண்டது சரிதான் என்று தோன்றியது.

இந்த ஆண்டுப் பொங்கல் விழாவுக்கு அப்பாவும் அம்மாவும் தில்லிக்கு வருகிறார்கள். தம்பியும் வருகிறான். முன்வரிசையில் நான்கு நாற்காலி வேண்டும் என்று செயலாளரிடம் சொல்லிவிட்டேன். காரணத்தை இந்தக் கட்டுரையைப் படித்துத்தான் அவர் தெரிந்துகொள்வார். பாட்டு முடிவதற்கு முன்பே அவன் கைதட்டிவிடுவான். பாடுகிறவர்கள் மன்னிக்க வேண்டும். கரும்பைக் கடிக்க அவனுக்கு வராது; சிறு துண்டுகளாக நறுக்கித் தர வேண்டும். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நீங்கள் அவனிடம் பேசலாம். பேர் கேளுங்கள், சொல்வான். பதில் வரச் சற்று நேரமாகும். நின்று கேளுங்கள்.